ஸ்கேனர் காரோடு பேச மறுக்கிறதா? வீட்டிலேயே வரிசையாகப் பார்க்கும் முறை

ஒரு டிசம்பர் காலை, சாவியைத் திருப்பியதும் என் காரின் டேஷ்போர்டில் செக் இன்ஜின், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு), பவர் ஸ்டியரிங் மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிந்து அணையாமல் நின்றன. வண்டி ஓடியது. ஆனால் வேளச்சேரி மழைக்குப் பிறகு வந்த கோளாறு என்பதால் பயந்துவிட்டேன். காரின் கோளாறைப் படித்து போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரை 450 ரூபாய்க்கு வாங்கிச் செருகினால், அதில் விளக்கே எரியவில்லை. முதல் பட்டறையில் தங்கள் ஸ்கேனரும் பேசவில்லை என்பதால் "இசியூ போயிடுச்சு சார், 32 ஆயிரம் ஆகும்" என்றார்கள். இசியூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. இன்னொரு இடத்தில் ஏபிஎஸ் மாட்யூல், அதாவது அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, போய்விட்டது என்றார்கள். நடுவில் பேட்டரியையும் மாற்றிவிட்டேன். ஐந்து வாரம், 9,300 ரூபாய் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒரு ஃபியூஸ் எரிந்திருந்தது. அதோடு கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) களிம்பு பிடித்திருந்தது. இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு 360 ரூபாய்.

இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நான் கடைசியில் கற்றுக்கொண்ட வரிசையை அப்படியே எழுதுகிறேன். மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். இது பெட்ரோல், டீசல் கார்களுக்கு மட்டும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட் இருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தையும் மாசு விதியையும் பாருங்கள். பிஎஸ்-4 மாசு விதிப்படி வந்த கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2, அதாவது பொது ஸ்கேனரால் கோளாறைப் படிக்கும் முறை, கட்டாயமானது. ஆனால் நாடு முழுவதும் பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். எனவே 2014 மாடல் என்பதாலேயே உங்கள் கார் பொது ஸ்கேனருடன் பேசும் என்று முடிவுகட்டாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் அதே 16 துளை சாக்கெட் இருக்கும், ஆனால் கம்பெனியின் சொந்த மொழியைத்தான் பேசும். அங்கே 450 ரூபாய் ஸ்கேனர் பேசாவிட்டால் அது கோளாறே அல்ல.

அடுத்து ஓனர் மேனுவல். ஃபியூஸ் பாக்ஸ் படம் அதில்தான் இருக்கும். தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடல், வருடம் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். வருடம் மாறினால் ஃபியூஸ் இடமும் மாறும்.

வாரண்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஃபியூஸ் பார்ப்பது, வோல்ட் அளப்பது, கோடு (கார் பதிந்துவைக்கும் கோளாறு எண்) படிப்பது வரை மட்டும் போங்கள். வயரை வெட்டுவதோ, தோலைச் சீவுவதோ, டேப் சுற்றுவதோ கூடாது. அந்த ஒரு டேப்பைக் காட்டியே வாரண்டியை மறுக்க முடியும்.

இன்சூரன்ஸ் கிளைம் செய்யும் எண்ணம் இருந்தால், எலி கடித்ததோ தண்ணீர் புகுந்ததோ, எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் கழற்றிய பாகத்துக்குப் பணம் வாங்குவது மிகக் கடினம். பாலிசி நகல், ஆர்.சி., லைசென்ஸ் மூன்றும் கையில் இருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றினால் சில கார்களின் மியூசிக் சிஸ்டம் கோடு எண் கேட்கும். அந்தச் சின்ன அட்டை பெரும்பாலும் மேனுவல் பையிலேயே இருக்கும். கழற்றும் முன் தேடி வையுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு. அளந்த ஒவ்வொரு எண்ணையும் தேதியோடு எழுதுங்கள். பின்னால் எலக்ட்ரீஷியனிடம் பேசும்போது இந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

2. கருவிகளும் செலவும்

நான் எல்லாவற்றையும் ரிச்சி தெருவிலும் ஜி.பி. ரோட்டிலும் வாங்கினேன். டிஜிட்டல் மல்டிமீட்டர் 650 ரூபாய், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் 120, பல அளவு ஃபியூஸ் அடங்கிய டப்பா 150, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே 350. உப்புத்தாள், வாசலின், பத்தாம் நம்பர் ஸ்பானர் வீட்டிலேயே இருந்தன.

ஸ்கேனர் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடையில் கிடைக்கும் மலிவான இஎல்எம்327 சிப் வகை ஸ்கேனர்கள் எல்லாம் நகல்கள். மேலே 1.5 என்றோ 2.1 என்றோ எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. சில நகல்கள் இப்போதைய கார்கள் பேசும் கேன் மொழியை மட்டும் பேசும், கே-லைன் என்ற பழைய மொழி பேசும் கார்களிடம் ஊமையாக நிற்கும். முடிந்தால் 2,000 ரூபாய் பக்கம் உள்ள ஒன்றை வாங்குங்கள், அல்லது திருப்பித் தரும் வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை ப்ளூடூத் ஸ்கேனரை வாங்கக் கூடாது, அது இணையவே இணையாது. உங்களுக்கு வைஃபை வகையோ ப்ளூடூத் 4.0 வகையோ வேண்டும்.

3. ஸ்கேனரைத் தொடும் முன் பேட்டரி

பேட்டரி தளர்ந்திருந்தால் கார் பொய் சொல்லும். வோல்ட் குறையும்போது ஒவ்வொரு மாட்யூலும் தன் பங்குக்கு ஒரு கோடை எழுதிவைக்கும். அவற்றைப் படித்து ஒவ்வொன்றாக பாகம் மாற்றினால் பணம் கரையும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் எதையும் போடாமல் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம் ஒருவரை செல்ஃப் எடுக்கச் சொல்லி அப்போதும் அளவுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.7 வரை இருக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) தேவைக்கேற்ப குறைத்துக் கொடுக்கும். எனவே கொஞ்சம் குறைந்தால் ஹெட்லைட், ஏசி போட்டு மறுபடி பாருங்கள்.

மீட்டர் முனையை பேட்டரியின் ஈயக் குமிழில் வைத்து ஒருமுறை, அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலில் வைத்து ஒருமுறை அளவுங்கள். செல்ஃப் எடுக்கும்போது இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் வந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. அழுக்கு டெர்மினல்தான் தடை. 4,200 ரூபாய் கொடுத்து பேட்டரி மாற்றும் முன் நான் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

4. பேசாதது ஸ்கேனரா, காரா?

மிக எளிய சோதனை: நண்பரின் காரில் செருகிப் பாருங்கள். அங்கே பேசினால் ஸ்கேனர் நல்லது. ஐந்து நிமிட வேலை. நான் இதைச் செய்யாமல் இரண்டாவது ஸ்கேனர் வாங்கினேன்.

உங்கள் காரில் ஸ்கேனர் விளக்கு எரிந்தும் பேசவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள்.

இக்னிஷன் ஆன் நிலையில் இருக்கிறதா? ரேடியோ மட்டும் பாடும் நிலை போதாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள், டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரியும்.

ப்ளூடூத் இணைக்க 1234 அல்லது 0000 கேட்கும். இணைத்தது மட்டும் போதாது, செயலியின் அமைப்பிலும் அதே ஸ்கேனரைத் தேர்வுசெய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் பல போன்களில் ஸ்கேனர் பட்டியலிலேயே வராது. வைஃபை வகை என்றால் முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. அப்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் முதலில் பிடித்தது மற்றதை விடாது. பின்னணியில் ஓடுவதையும் மூடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் பிரச்சினை காரின் பக்கம். விளக்கே எரியவில்லை என்றால் நேராக அடுத்த படி.

5. பதினாறு துளைகளில் மூன்று

சாக்கெட் ஸ்டியரிங்கின் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும். அதன் அகலமான வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை, குறுகிய வரிசையில் 9 முதல் 16 வரை. சில கார்களில் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். அப்போது அகலமான பக்கம் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

16-ஆம் துளையில் பேட்டரி வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும், சாவி இல்லாவிட்டாலும். 4 பாடி எர்த், 5 சிக்னல் எர்த். மீட்டரின் சிவப்பை 16-லும் கறுப்பை 4-லும் வைத்து அளவுங்கள். பிறகு கறுப்பை 5-க்கு மாற்றுங்கள். இரண்டிலும் பேட்டரி அளவுக்கு வர வேண்டும்.

மீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிந்துவிடும், அதன்பின் எந்த ஸ்கேனரும் சரியாகத் தொடாது. இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும். மெல்லிய குண்டூசியை முனையில் கிளிப் போட்டுப் பிடித்து, லேசாகத் தொட்டால் போதும். இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

16-இல் வோல்ட் இல்லையா? பல கார்களில் இந்தத் துளை சிகரெட் லைட்டர், ரேடியோ, உள்விளக்கு இவற்றில் ஏதாவதொன்றின் ஃபியூஸைப் பகிர்ந்துகொள்கிறது. லைட்டர் சாக்கெட்டில் மலிவான போன் சார்ஜர் செருகியிருப்போம். அது ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கும். சார்ஜர் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு மறந்திருப்போம். என் காரில் நடந்தது இதேதான். "இசியூ போய்விட்டது" என்ற தீர்ப்புக்குக் காரணம் ஒரு 10 ரூபாய் ஃபியூஸ்.

ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். மயிரிழை வெடிப்பு தெரியாது. ஃபியூஸின் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். சாவி ஆன் செய்து, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பாடி உலோகத்தில் மாட்டி, அதன் முனையால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. புதிய ஃபியூஸும் உடனே போனால், அதைவிடப் பெரிய ஆம்ப் ஃபியூஸ் போடாதீர்கள். வயர் தீப்பிடிக்கும். லைட்டர் குழிக்குள் நாணயமோ உடைந்த சார்ஜர் துண்டோ கிடக்கிறதா என்று பாருங்கள், வெளியே வாங்கிப் பொருத்திய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

மீட்டர் 12 வோல்ட் காட்டியும் ஸ்கேனர் விளக்கு எரியவில்லை என்றால், டெஸ்ட் லேம்பை 16-க்கும் 4-க்கும் நடுவில் பிடியுங்கள். மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பு ஒரு நூலில் தொங்குகிறது. மீட்டர் மின்சாரத்தை இழுப்பதில்லை, அதனால் அது ஏமாறும். லேம்ப் இழுக்கும். ஆனால் இந்த லேம்பை 16, 4, 5 தவிர வேறு எந்தத் துளையிலும் வைக்கக் கூடாது. டேட்டா வயரில் வைத்தால் மாட்யூல் சேதமாகும்.

6. டேட்டா வயர்கள்

ஸ்கேனருக்கு மின்சாரம் வருகிறது, ஆனாலும் பேச்சில்லை என்றால் இந்தப் படி. இப்போதைய கார்களில் 6-ஆம் துளை கேன் ஹை, 14-ஆம் துளை கேன் லோ. இரண்டு வயர்களும் முறுக்கிக்கொண்டு எல்லா மாட்யூல்களையும் இணைக்கின்றன. இரண்டு முனைகளிலும் தலா 120 ஓம் தடை இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் சேர்த்து அளந்தால் 60.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மீட்டரை ஓமில் வைத்து 6-க்கும் 14-க்கும் நடுவில் அளவுங்கள்.

60 பக்கம் வந்தால் வயர் முழுசாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது அல்லது அந்த முனை மாட்யூலின் கப்ளர் (வயர்களைச் செருகும் இணைப்பு) கழன்றிருக்கிறது. சுழிக்கு அருகே வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, எலியோ தண்ணீரோ காரணமாக இருக்கலாம். எதுவும் காட்டாவிட்டால் சாக்கெட்டுக்கு வரும் வயரே அறுந்திருக்கலாம்.

ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியாக வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவில் கேட்வே என்ற ஒரு மாட்யூல் உட்கார்ந்திருக்கும். அங்கே 60 வராமலிருப்பது இயல்பாகவே இருக்கலாம். உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்க்காமல் இந்த எண்ணை வைத்துப் பயப்படாதீர்கள்.

பேட்டரியை மாட்டி, இக்னிஷன் ஆன் செய்து, இப்போது வோல்ட் பாருங்கள். கறுப்பு 4-இல். 6-ஆம் துளையில் 2.5-ஐவிடக் கொஞ்சம் அதிகம், 14-இல் 2.5-ஐவிடக் கொஞ்சம் குறைவு, கூட்டினால் 5 பக்கம். ஏதாவதொன்று சுழியாகவோ 12 ஆகவோ இருந்தால் அந்த வயர் எர்த்தோடோ மின்சாரத்தோடோ ஒட்டியிருக்கிறது.

கே-லைன் கார் என்றால் 6, 14 காலியாக இருக்கலாம், 7-ஆம் துளையைப் பாருங்கள். இக்னிஷன் ஆன் நிலையில் ஏறக்குறைய பேட்டரி வோல்ட் இருக்க வேண்டும்.

ஷார்ட் தெரிந்தால் மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பார்ப்பதுதான் வழி. எதைக் கழற்றியதும் எண் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. கம்பெனி மாட்யூல்களைத் தொடும் முன், வெளியே பொருத்தியவற்றைக் கழற்றுங்கள்: ஜிபிஎஸ் டிராக்கர், ரிமோட் லாக், ரிவர்ஸ் கேமரா, பெரிய திரை மியூசிக் சிஸ்டம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் பழைய ஓனர் போட்ட டிராக்கர் ஒன்று டேஷ்போர்டுக்குள் நமக்குத் தெரியாமலே இருக்கக்கூடும்.

இந்த வேலையில் மஞ்சள் நிற கப்ளர்களைத் தொடாதீர்கள். அவை ஏர்பேக்குடையவை. மீட்டரின் சின்ன மின்சாரமே அதை வெடிக்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

7. இசியூவுக்கு மின்சாரம் வருகிறதா?

சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். பெட்ரோல் வண்டியில் பின்சீட்டின் கீழே எரிபொருள் பம்ப் ஓரிரு நொடி முனகும் சத்தமும் கேட்கும். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் இசியூவுக்கு மின்சாரமோ எர்த்தோ போகவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். பானட்டுக்குள் உள்ள ஃபியூஸ் பாக்ஸில் மெயின் ரிலேயை (இசியூவுக்கு மின்சாரம் திறந்துவிடும் சுவிட்ச்) தேடி, அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலேயை, ஹாரனுடையதை, மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, பட்டறைகளே தவறவிடுவது. சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் அனுப்பும். ஒரே ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்து, சில கார்களில் இசியூவே பேச்சை நிறுத்திவிடும். இக்னிஷனை அணைத்து ஒரு சென்சார் கப்ளரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்து ஸ்கேனரை முயலுங்கள். இப்படி ஒவ்வொன்றாக. கழற்றியதால் புதுக் கோடுகள் வரும், அவற்றை நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. எர்த்: இங்கே அவசரப்படாதீர்கள்

என் காரின் உண்மையான நோய் இதுதான். மூன்று பட்டறைகளில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் பாடிக்கும், நேராகவோ பாடியிலிருந்தோ இன்னொன்று இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். காரில் எல்லா மின்சாரமும் திரும்பி வரும் பாதை அதுதான். கீழே, மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் உள்ளுக்குள் களிம்பு பூக்கும். மேலே பிளாஸ்டிக் தோல் பளபளவென்றே இருக்கும்.

இதை பீப் சத்தம் வரும் முறையில் சோதிக்காதீர்கள். ஐம்பது கம்பி இழைகளில் நாற்பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் பீப் அடிக்கும். அந்த ஒரு இழையால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பைத் தாங்க முடியாது. சுமை இருக்கும்போது எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்ப்பதுதான் சரியான முறை.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழில், டெர்மினலில் அல்ல. சிவப்பு முனை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். பெட்ரோல் வண்டியில் எரிபொருள் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, நிதானமாக அளக்கலாம். ஒருவரை செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டது.

எனக்கு 1.4 வந்தது. அதாவது செல்ஃப் எடுக்கும்போது இன்ஜினும் அதோடு எர்த் ஆன சென்சார்களும் 1.4 வோல்ட் மேலே மிதக்கின்றன. மின்சாரம் கிடைத்த மெல்லிய வயர் வழியாகவெல்லாம் திரும்பப் பார்க்கிறது. ஏபிஎஸ்ஸும் ஸ்டியரிங்கும் வோல்ட் குறைந்ததாக நினைத்து விளக்கைப் போடுகின்றன. செல்ஃப் எடுத்த நொடியில் ஸ்கேனர் துண்டிக்கப்படுகிறது. பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன.

பாடிக்கும் அளவுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட், ஏசி விசிறி இரண்டையும் போடுங்கள். கறுப்பு பேட்டரி நெகட்டிவில், சிவப்பு பாடியின் சுத்தமான போல்ட்டில். 0.1-க்குள் வர வேண்டும்.

சரிசெய்வது எளிது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் அது உட்காரும் உலோகத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு இறுக்காதீர்கள். பட்டையே பச்சை பூத்திருந்தால் தேய்ப்பது சில மாதம்தான் தாங்கும், புதியது வாங்குங்கள். புதுப்பேட்டையில் எனக்கு 350 ரூபாய்க்குக் கிடைத்தது. மாற்ற முக்கால் மணி நேரம். அதன்பின் அளந்தால் 0.08.

9. இப்போதுதான் கோடுகள்

ஸ்கேனர் பேசத் தொடங்கியதும் அழிக்கும் பட்டனை அழுத்தத் துடிக்கும் கை. பொறுங்கள். எல்லாக் கோடுகளையும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று வருவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோளாறு நடந்த நொடியில் வேகம், சூடு, ஆர்பிஎம் என்னவென்று அதில் இருக்கும். அழித்தால் திரும்பக் கிடைக்காது.

பி (P) என்று தொடங்கினால் இன்ஜின், கியர். சி (C) என்றால் பிரேக், ஸ்டியரிங். பி என்றே தமிழில் எழுதும் இன்னொரு எழுத்து (B) பாடியைக் குறிக்கும், திரையில் எழுத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். யூ (U) என்றால் மாட்யூல்களுக்கு இடையிலான பேச்சு. இன்ஜின் வகையில் 0562 இருந்தால் வோல்ட் குறைவு, 0563 என்றால் அதிகம். யூ0100 என்பது இன்ஜின் இசியூவோடு பேச்சு அறுந்தது, யூ0121 என்பது ஏபிஎஸ்ஸோடு அறுந்தது.

வோல்ட் கோடும் யூ கோடுகளும் சேர்ந்து இருந்தால் முதலில் மூன்றாம், எட்டாம் படிகளுக்குத் திரும்புங்கள். யூ0121-ஐ வைத்து ஏபிஎஸ் மாட்யூல் வாங்காதீர்கள். பேச்சு அறுந்தது என்றுதான் கோடு சொல்கிறது, யார் அறுத்தார்கள் என்று சொல்வதில்லை. எனக்கு ஆறு கோடுகள் வந்தன. எர்த் மாற்றி அழித்த பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அழித்த பிறகு இரண்டு மூன்று நாள், குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து வழக்கம்போல் ஓட்டுங்கள். அப்புறம் மறுபடி படியுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான கோளாறு. வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றுங்கள். 16-ஆம் துளையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் செருகியே விட்டால் பேட்டரியை இழுத்துக்கொண்டே இருக்கும்.

10. இரவில் பேட்டரி இறங்கினால்

கதவைத் திறந்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள், கார் கதவு மூடியதாக நினைக்கும். சாவியைத் தூரமாக வையுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் வயருக்கும் நடுவில் இணையுங்கள். இணைத்தபின் இக்னிஷன் போடக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் எண் பெரிதாக இருக்கும். மாட்யூல்கள் தூங்க அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். அவசரப்பட்டு ஐந்தாம் நிமிடம் பார்த்துப் பயப்படுவது எல்லோரும் செய்யும் தவறு. பிறகு 50 மில்லிஆம்புக்குள் இருந்தால் சரி. 300 இருந்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்ப்-மணி போகிறது. 35 ஆம்ப்-மணி பேட்டரி மூன்று நாளில் வண்டியைக் கிளப்பத் திணறும். ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து எதில் எண் விழுகிறது என்று பாருங்கள். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். 10 ஆம்ப் துளையில் விட்டு பேட்டரியை அளந்தால் நேரே ஷார்ட்.

11. எலியும் தண்ணீரும்

டார்ச்சோடு ஒரு பத்து நிமிடம். பானட்டுக்குள் புழுக்கை, காய்ந்த சாப்பாட்டுத் துண்டு, கடித்த வயர் தோல். அறுந்ததை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். கேன் வயர் என்றால் முன்பு போலவே முறுக்கிவிடுங்கள்.

முன்பக்கப் பயணியின் கால் மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அந்தப் பகுதியில் வயர் கட்டும் கப்ளர்களும் இருக்கும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள்.

12. எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய நேரம்

ஏர்பேக் விளக்கு எரிந்தால், பிரேக் மிதி மாறுபட்டால், வயர் உருகிய வாடை வந்தால் வீட்டில் எதையும் நோண்டாதீர்கள். ஏழாம், எட்டாம் படிகளில் எல்லாம் சரியாக இருந்தும் இசியூ பேசவில்லை என்றாலும் போங்கள்.

சோதனைக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எனக்கு 300-லிருந்து 800 வரை சொன்னார்கள். இசியூ மாற்ற வேண்டும் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இசியூ கப்ளரில் மின்சாரமும் எர்த்தும் சுமையோடு அளந்தீர்களா, எவ்வளவு வந்தது? பழைய இசியூவைத் திருப்பித் தருவீர்களா? சாவியின் இம்மொபிலைசரைப் புதிதோடு இணைப்பது இந்த விலையில் சேர்த்தியா? பழைய காரிலிருந்து எடுத்த இசியூ சாவியை அடையாளம் காணாமல் வண்டியே கிளம்பாமல் போகலாம், அந்த இணைப்புக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். பில்லில் பாகத்தின் எண்ணும் வாரண்டி நாளும் எழுதி வாங்குங்கள்.

நான்காவதாகப் போன எலக்ட்ரீஷியனிடம் என் நோட்டைக் காட்டினேன். 1.4 என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை, ஜாக்கியை எடுத்து வந்தார்.